பதினொரு படலை

சரவணை ஊரில் சின்னமுத்து அம்மை பரவியிருக்கிறதா என்று சுகாதாரக் கந்தோரில் கேட்டார்கள். நான் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வந்து, பதினொரு வீட்டில் என்று சொன்னேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வேலணைத் தீவுப் பக்கத்துக்கு மருத்துவமாதுவாக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊர் என்னை மிசி என்று கூப்பிடும். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

நான் எண்ணியது பிள்ளைகளை அல்ல, வேலி வாசல் படலைகளை. வீட்டில் பிள்ளைக்குச் சின்னமுத்து போட்டால் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். கட்டிவிட்டால் வெளியாள் உள்ளே போவதில்லை, என்ன ஏது என்று விசாரிப்பதுமில்லை. அம்மாள் கோபித்துக்கொள்வாள். நானும் தீவுக்காரிதானே, படித்த படிப்பெல்லாம் இருந்தும் வேப்பிலையைக் கண்ட இடத்தில் இறங்கவில்லை. எண்ணிக்கொண்டே மிதித்துப் போய்விட்டேன்.

இரண்டு நாளில் அந்தப் பதினொன்று பக்கத்து ஊரான மண்கும்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் சரவணைப் பள்ளிக்கூட ரீச்சர் என் அறை வாசலில் வந்து நின்றார். முப்பத்து நான்கு வயது. அடுத்த கிழமை அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மண்கும்பான்காரர், தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவர்.

"கதிரையில இருங்கோ, ரீச்சர்."

"இருக்க வரேல்லை. பதினொரு வீடெண்டு சொன்னது நீங்கள்தானே, மிசி? எந்தப் பிள்ளையைப் பாத்தனீங்கள்?"

வேப்பிலையைத்தான் எண்ணினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"அம்மாள் உலாவிற ஊருக்குள்ள வர ஏலாது, பிறகு பாப்பம் எண்டு மாப்பிள்ளையின்ர தாய் சொல்லி விட்டிருக்கிறா. எனக்கு முந்தி ரெண்டு சம்பந்தம் இப்பிடிப் 'பிறகு பாப்பம்' எண்டுதான் போனது."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவர் அழவில்லை. எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் காலையிலேயே புறப்பட்டேன். அம்மாளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முதல் படலையைத் திறந்தேன். உள்ளே மூன்று பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணைப் பார்த்தேன், காதுக்குப் பின்னால் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. "பக்கத்து வீட்டில கட்டினவை, எதுக்கும் நாங்களும் கட்டினம்" என்றார் தாய். அடுத்த வீட்டிலும் அதே பதில். அவர்கள் இவர்களைப் பார்த்து, இவர்கள் இன்னொருவரைப் பார்த்து என்று அப்படியே போய், கடைசியில் ஒழுங்கை முடக்கிலிருந்த ஒரு வீட்டில் வந்து நின்றது. ஊரில் முதலில் வேப்பிலை கட்டிய வீடு அதுதான்.

"ஆருக்கு அம்மாள் வருத்தம்?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தருக்கும் இல்லை, மிசி. மகளுக்குச் சோதினை. ஒரு நாளைக்கு நாலு சனம் வந்திருந்து அலட்டுதுகள். வேப்பிலையைக் கட்டினன், இப்ப ஒரு குஞ்சும் வாறேல்லை."

"அம்மாள் கோவிக்க மாட்டாவோ?"

"பிள்ளை பாஸ் பண்ணினாப் பொங்கிப் போடுறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கட்டினனான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பதினொரு வீட்டிலும் ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. நேரே கந்தோருக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேப்பிலை உள்ள வீட்டில் நோய் இல்லையென்றால், இல்லாத வீட்டில் இருக்கவும் கூடும். அந்த எண்ணம் வந்த பிறகு விட மனமில்லை. மற்ற வீடுகளுக்கும் போனேன். இருட்ட முன் ரீச்சர் வீட்டுக்கு வந்தேன்.

படலை சுத்தமாக இருந்தது. ரீச்சரின் தாய் விறாந்தையிலேயே என்னை மறித்தார். உள்ளே ஒரு பிள்ளை இருமியது. அவரை விலத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். கல்யாணத்துக்கென்று ரீச்சரின் தங்கை வேலணையிலிருந்து கூட்டிவந்த மூன்று வயது மகன். காய்ச்சல், கண் சிவப்பு, முகத்திலிருந்து நெஞ்சு வரை பரவிய தடிப்பு. எல்லாம் அசல் சின்னமுத்து. முந்தின நாளே தடித்துவிட்டதாம். ரீச்சரைப் பிள்ளைக்குக் கிட்ட விடாமல், அவனுக்கு வெறும் சளி என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

பதினொரு வீட்டிலும் நோயில்லை, இங்கேதான் என்று ரீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதுங்கோ, மிசி. பதினொண்டை வெட்டிப்போட்டு ஒண்டெண்டு எழுதுங்கோ."

சொல்லிவிட்டுத் தானே போய் வேப்பிலை முறித்து வந்து படலையில் கட்டினார். எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அடுத்த நாள் நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படலைக்கு வெளியே ஒருவர் சைக்கிளோடு நின்று கூப்பிட்டார். மாப்பிள்ளைதான்.

"மிசி, எனக்குச் சின்னனிலேயே வந்து மாறினது. நான் உள்ள வரலாமோ?"

ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது. வரலாம் என்றேன். அவர் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, ரீச்சர் கொடுத்த தேத்தண்ணியை ஆற அமரக் குடித்துவிட்டுப் போனார். ரீச்சரின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் கல்யாணம் தள்ளிப்போனது. புது நாள் எது என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து மண்கும்பானில் ஒரு நோயாளி என்று சொன்னார்கள். பிள்ளை தேறியிருந்தது. புதிதாக யாருக்கு என்று யோசித்துக்கொண்டே போனேன். கட்டிலில் மாப்பிள்ளை கிடந்தார், தலையிலிருந்து கால்வரை சிவந்து. பக்கத்தில் தாய் விசிறிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்னனில வந்ததெண்டு சொன்னனீங்களே!"

"இல்லையெண்டா உள்ள விட்டிருப்பியளோ?" கண்ணைத் திறக்க முடியாமல் சிரித்தார். "ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ, மிசி. இப்ப நாள் பிந்துறது என்னால எண்டு. அம்மாள் எங்கட வீட்டுக்கும் வந்திட்டா, அம்மா இனி அவையைக் குறை சொல்ல ஏலாது."

தாய் விசிறியை நிறுத்தவில்லை. "இவன் எழும்பட்டும், நாள் வைப்பம்" என்றார்.