தூக்கம் கலைக்காத வண்டி

சௌரிராஜனின் டொயோட்டா குவாலிஸில் பிணம் ஏறியிருக்கிறது என்று முனிச்சாலை டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு பேச்சு கிளம்பியது. மதுரையில் பேச்சுக்கு டீசல் போட வேண்டியதில்லை. காலை டீயோடு கிளம்பியது மத்தியானத்துக்குள் தெற்குவாசலைத் தொட்டு, சாயங்காலம் தல்லாகுளத்தில் மண்டபம் பிடிக்க வந்தவர்கள் காதில் விழுந்து, மறுநாள் சௌரிராஜன் வீட்டுக்கே மூன்று ஃபோனாக வந்து சேர்ந்தது.

"வைகாசி முகூர்த்தத்துக்கு வண்டி சொல்லியிருந்தோம்ல? அது வேணாங்க. பொண்ணு வீட்டுல வேற ஏற்பாடு பண்ணிட்டாங்க."

ஹம்சவேணி ஃபோனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை மட்டும் தமிழில் நடக்கும், தெருவுக்கும் புரிய வேண்டும் என்று.

"மூணாவது கல்யாணம் போச்சு. என் வளையல வச்சு வாங்கின வண்டி. பொணம் ஏத்துனீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"நான் எதுக்குடி பொணம் ஏத்தப்போறேன்? எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

வாடகைக் கார் உலகத்தின் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லாததால்தான் யாரும் அதை மீறுவதில்லை. பிணம் ஏறிய வண்டியில் கல்யாணப் பெண் ஏறமாட்டாள். முடியிறக்கப் போகிற குழந்தை ஏறாது. மாலை போட்ட சாமி ஏறாது. இவர்கள் ஏறாத வண்டிக்கு ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லாத வண்டிக்குத் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் ஓடிவரும். இன்னும் இரண்டு தவணை தவறினால் ஃபைனான்ஸ்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். ஃபைனான்ஸ்காரனுக்குத் தீட்டு கிடையாது.

சௌரிராஜனுக்கு அந்த வண்டி வெறும் வண்டி இல்லை. இரண்டாயிரத்தில் அது ஊருக்குள் வந்தபோது, "என்னடா இது, பிஸ்கட் டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்த ஸ்டாண்டுதான் இது. சிரித்தவர்களே ஆறு மாதத்தில் கடன் வாங்கி அதே டப்பாவை வாங்கினார்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜின் தும்மவில்லை என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் தன்னுடையது இருமக்கூட இல்லை என்பார். பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேச வழியில்லாதவர்கள் இந்த வண்டியைப் பற்றிப் பேசினார்கள்.

சௌரிராஜனின் பெருமைக்கு வேறொரு வேர் இருந்தது. ஒரு முறை ராமேஸ்வரம் போன மில் இன்ஜினியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: டொயோட்டாக்காரர்கள் முதலில் செய்தது கார் இல்லை, தறி. அப்பன் தறி செய்தான். மகன் அந்தத் தறியின் உரிமையை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்று வந்த பணத்தோடு காரில் இறங்கினான். அன்றிலிருந்து பட்டுநூல்காரரான சௌரிராஜனுக்கு ஜப்பானில் ஒரு சொந்தம் முளைத்துவிட்டது. வண்டியில் ஏறிய யாரும் அந்தத் தறிக் கதையைக் கேட்காமல் இறங்க முடியாது. தன் அப்பாவின் தறிகளை எடைக்குப் போட்டுத்தான் டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டினார் என்பதை மட்டும் கதையில் சேர்ப்பதில்லை.

ஃபோன் வந்த அன்றே ஸ்டாண்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார். பேச்சைக் கிளப்பியவன் தவசி, அம்பாசடர் வைத்திருப்பவன். ஜப்பான் வண்டி வந்த நாளிலிருந்து அவனுக்கு வயிறு சரியில்லை.

"யாருடா சொன்னது பொணம் ஏறுச்சுன்னு?"

"நான் கண்டதத்தானண்ணே சொன்னேன். போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆளத் தூக்கி ஒங்க வண்டியில வச்சாய்ங்களா இல்லையா? மேலூர்ப் பக்கத்து ஆளு. கம்பளியச் சுத்தி, தலையில துண்டக் கட்டி. கால் ரெண்டும் வெறகுக்கட்டை மாதிரி வந்துச்சு. மறுநாளு மேலூர்ல போஸ்டர் ஒட்டியிருக்கு, அதே ஆளு."

"அவரு தூங்கிக்கிட்டு வந்தாருடா!"

"ஆமாண்ணே. இன்னும் எந்திரிக்கலையே."

ஸ்டாண்டு சிரித்தது. நைனா முகமது சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு குவாலிஸ் உண்டு. ஒரு குவாலிஸ் மீது விழுந்த சொல் எல்லாக் குவாலிஸ் மீதும் விழும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்.

"சௌரி, இங்க நின்னு கத்தி ஆகப்போறது என்ன? அந்த ஊருக்குப் போ. எப்ப மவுத்தானாரு, எங்க மவுத்தானாருன்னு நாலு பேருகிட்ட கேட்டு வா. வீட்டுலதான்னு அவுக சொல்லிட்டா, அதை இங்க சொல்ல வேண்டியது என் பொறுப்பு."

"நீங்க நம்புறீங்கள்ல, பாய்?"

"நான் நம்பி என்னத்துக்கு? கல்யாணம் பண்றவனுல்ல நம்பணும்."

சௌரிராஜன் கிளம்பினார். யானைமலை, ஒத்தக்கடை, மேலூர், அதைத் தாண்டிக் கிழக்கே ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். காரணம் போகப்போகத் தெரியும். வழி நெடுக அந்தச் சவாரியை நினைவில் ஓட்டிப் பார்த்தார். சோணைமுத்து என்று பெயர். குவாரியில் கல் உடைத்து நெஞ்சுக்குள் தூசி அடைத்தவர். நடு சீட்டில் அவரை உட்காரவைத்து, ஒரு பக்கம் பெண்டாட்டி ஏழைகாத்தாள், மறுபக்கம் அவள் தம்பி முத்திருளன். "ஊசி போட்டுருக்காக, தூங்குறாரு, எழுப்ப வேணாம்" என்றான் தம்பி. சௌரிராஜனும் எழுப்பாமல்தான் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் பாலாடைமேல் நடப்பதுபோல வண்டியை இறக்கினார். கண்ணாடியில் பார்த்து, "பாத்தீங்களா, ஆளு அசையல. அம்பாசடரா இருந்தா இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருப்பாரு" என்றுகூடச் சொன்னார். "நல்ல வண்டிங்கய்யா" என்றான் முத்திருளன்.

ஊரில் அவரை நன்றாகவே வரவேற்றார்கள். சாவடியில் இருந்த நாலைந்து பேரும், கேள்வி முடிவதற்குள் பதிலை முடித்தார்கள்.

"சோணைமுத்தா? வீட்டுலதாங்க உசுரு போச்சு. கட்டில்ல வச்சு."

"பால் குடிச்சாருங்க. ரெண்டு மடக்கு."

"எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. நான் ஓடி வாரதுக்குள்ள போயிட்டாரு."

கேட்காமலே இவ்வளவு சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது. சௌரிராஜனுக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சந்தேகம் வர வேண்டிய இடம் அதுதான். ஆனால் நல்ல செய்தியை யார் சந்தேகப்படுகிறார்கள்? செத்தவர் பால் குடித்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் காதில் கல்யாண மேளமாக ஒலித்தன. ஒரு எட்டு அந்த அம்மாவிடமும் துக்கம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டைத் தேடிப் போனார்.

ஏழைகாத்தாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவரைப் பார்க்கவில்லை; வண்டியின் நடுக் கதவைப் பார்த்தாள்.

"வாங்கய்யா. தேடி வந்துட்டீகளா?"

"ஒண்ணுமில்லம்மா. மதுரையில ஒரு பேச்சு. நம்ம வண்டியில வச்சே அவரு... அப்படின்னு. இப்பச் சாவடியில விசாரிச்சேன். வீட்டுலதான்னு சொன்னாக. அம்புட்டுத்தான், மனசு ஆறிப்போச்சு."

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"சாவடியில அப்படித்தாங்கய்யா சொல்லணும். ஊருல அப்பத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்துச்சு. வெளியில செத்த பொணத்த ஊருக்குள்ள கொண்டாரக் கூடாது. கம்மாக்கரையிலயே வச்சு, அப்படியே எடுத்துட்டுப் போயிரணும். அவரு வீட்டப் பாக்கணும் வீட்டப் பாக்கணும்னு அனத்திக்கிட்டே கெடந்தாரு. நாங்க ஆஸ்பத்திரியில பணம் கட்டி, சீட்டு வாங்கிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

சௌரிராஜனுக்குக் கேட்டது புரிய நேரமாயிற்று.

"ஏறும்போதேவா?"

"ஏறும்போதே."

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். நடு சீட்டு கண்ணாடி வழியே தெரிந்தது. அதற்குப் போன சபரிமலை சீசனுக்கென்று புது உறை போட்டிருந்தார்.

"ஒங்ககிட்டச் சொல்லிருவேன்னுதாங்கய்யா இருந்தேன்" என்றாள் அவள். "நீங்க ஒரு தறிக் கதை சொல்லிக்கிட்டு வந்தீகல்ல? நூலு அறுந்தா அதுவா நின்னுரும், ஆளு பாக்க வேண்டியதில்லன்னு. ஒத்தக்கடைக்கிட்ட. அப்ப எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. என் தம்பி தொடையக் கிள்ளிட்டான்."

நினைவு வந்தது. அந்த இடத்தில் அவள் விம்மி அழுதாள். தன் கதை ஒருத்தியை அழவைத்ததென்று சௌரிராஜன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருந்தார். நடு சீட்டில் ஒரு நூல் அறுந்து கிடக்க, வண்டி நிற்காமல், குலுங்காமல், பாலாடைமேல் நடந்து போயிருக்கிறது.

கோபம் வந்தது. "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களே தாயி. எனக்கும் வீடு வாசல் இருக்குல்ல?"

"போட்டோம்ங்கய்யா" என்றாள். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "ஆம்புலன்சுல வந்தா ஊருக்கே தெரிஞ்சுரும். டாக்ஸிக்காரவுக யாரும் பொணம் ஏத்தமாட்டாக. வேற என்ன செய்யச் சொல்றீக? சாவடிக்காரவுகளுக்கும் உள்ளுக்குள்ள தெரியும்; வாய்விட்டுச் சொன்னாத்தான் குத்தம். இப்ப நீங்க போயிச் சொன்னாலும் சரிதேன். அபராதம் போடுவாக. பரிகாரம் கேப்பாக. திருவிழாவக் கெடுத்தவன்னு சொல்லி, எம் மகளப் பொண்ணு கேட்டு யாரும் வரமாட்டாக. சொல்றதுன்னாச் சொல்லுங்க."

அதற்குள் முத்திருளன் வந்துவிட்டான். அக்காள் முகத்தைப் பார்த்ததுமே நடந்தது தெரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். பேசிய வாடகையில் மீதி அது. அன்று அழுகைச் சத்தம் கிளம்பும் முன் டிரைவரை அனுப்பிவிடும் அவசரத்தில் கொடுக்காமல் விட்டது.

"வாங்கிக்கிருங்கண்ணே. எம்புட்டு நாளா உறுத்திக்கிட்டு இருக்கு."

சௌரிராஜன் கை நீட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"இத எந்தக் கணக்குல வாங்குறது? ஆளுக்கு வாடகைன்னா ஆளு உசுரோட ஏறியிருக்கணும். பொணத்துக்கு வாடகைன்னா எம் வண்டி பொண வண்டின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"அப்ப என்ன செய்யிறது?"

"தெரியலப்பா. வச்சுக்க."

சாவடி வழியாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே இருந்தவர்கள் கை காட்டினார்கள். "என்னங்கய்யா, வெசாரிச்சாச்சா?" சௌரிராஜன் வண்டியை மெதுவாக்கினார். ஒரு வார்த்தை போதும். தவசியிடம் பட்ட அவமானத்தைப் பத்து மடங்காகத் திருப்பி இவர்கள் தலையில் கொட்டலாம். "ஆச்சுங்க. வீட்டுலதானாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைனா முகமது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாவடி சாட்சியை இன்னும் கொஞ்சம் தாளித்து, ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பரிமாறினார். அவர் சொன்னதில் சோணைமுத்து பாலோடு ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டார். தவசிகூட, "சரிண்ணே, எங் கண்ணுதான் பொய் சொல்லிருச்சு" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். ஒரு வாரத்தில் வண்டி சுத்தமாகிவிட்டது. வேண்டாம் என்று சொன்ன அதே வைகாசி வீட்டார் மறுபடி கூப்பிட்டார்கள்.

ஹம்சவேணி ஃபோனைக் கையில் கொடுத்தாள். முகத்தில் அந்த மாதத்தின் முதல் சிரிப்பு.

"வண்டி சும்மா இல்லைங்க. வேற சவாரி ஒத்துக்கிட்டேன்" என்றார் சௌரிராஜன்.

ஊரெல்லாம் நம்பிவிட்டது. நம்பாதவர் வண்டிக்காரர் ஒருவர்தான். முகூர்த்தப் பட்டு கட்டிய ஒரு பெண்ணை அந்த நடு சீட்டில் ஏற்ற அவரால் முடியவில்லை. ஏன் என்று பெண்டாட்டியிடமும் சொல்ல முடியவில்லை. அவளிடம் சொன்னால் அது முனிச்சாலைக்கு வரும், முனிச்சாலையிலிருந்து மேலூருக்குப் போகும். ஹம்சவேணி தமிழில் சண்டை போட்டாள். பிறகு சௌராஷ்டிரத்தில் அழுதாள். அதன்பின் எந்த மொழியிலும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிச் சவாரி, ரயில்வே ஸ்டேஷன் சவாரி என்று ஓட்டி முடிந்தவரை தவணை கட்டினார். இரண்டாயிரத்து ஐந்தில் கம்பெனி குவாலிஸைச் செய்வதையே நிறுத்திவிட்டது. இனி வராது என்றதும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கெல்லாம் கிராக்கி ஏறியது. உயிரோடு இருக்கும்போது பிஸ்கட் டப்பா. போன பிறகு தெய்வம். வாடிப்பட்டியிலிருந்து நல்லகாமன் என்ற பூ வியாபாரி விலை பேச வந்தார். இன்ஜினைத் தட்டிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார்.

"வில்லங்கம் ஏதும் இருக்காண்ணே?"

"பொணம் ஏறியிருக்கு" என்றார் சௌரிராஜன். முதல் முறையாக அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னார்.

நல்லகாமன் சிரித்தார். "வெலையக் கொறைக்க நாந்தாண்ணே இப்படிச் சொல்லணும். நான் ஏத்தப்போறது பூவு. அது கல்யாணத்துக்கும் போகும், பொணத்துக்கும் போகும்."

வந்த பணத்தில் ஃபைனான்ஸ் கணக்கு முடிந்தது. வளையல் திரும்பவில்லை. சௌரிராஜன் இப்போது நைனா முகமதுவின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். தறிக் கதை சொல்வதில்லை. பின்னால் யாராவது தூங்கிவிட்டால், ஏதாவது ஒரு காரணம் சொல்லி வழியில் நிறுத்தி எழுப்பிவிடுகிறார். டீ குடிக்கிறீங்களா, சார்? ஜன்னலச் சாத்தவா, சார்? வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.

முத்திருளன் மதுரைக்கு வரும்போதெல்லாம் ஸ்டாண்டுக்கு வருகிறான். போன தடவை, ஏழைகாத்தாள் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது என்று சொன்னான்.

"இப்பவாவது வாங்கிக்கிருங்கண்ணே."

"வண்டியே எங்கிட்ட இல்லையேப்பா. எந்த வண்டிக்கு வாடகை வாங்க?"

"அப்ப வாடிப்பட்டிக்காரருகிட்டக் குடுக்கவா?"

"அவரு என்ன பாவம் செஞ்சாரு?"

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் ஒரு சின்னத் தள்ளுமுள்ளு. சௌரிராஜன் கொடுத்தார். முத்திருளன் அந்த இருநூறு ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலூர் பஸ்ஸுக்கு நடந்தான்.