பின்கதவை அடைத்த கதை

வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டு என்பது வீட்டை உடைத்துப் புதுப்பிக்கக் கிளம்பும்வரை எனக்குத் தெரியாது. கடைக்காரர் ஏழு டைல்களை மேசையில் பரப்பி எது வேண்டும் என்று கேட்டார். ஏழும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உன் இஷ்டம் என்று பதில் வந்தது. கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது.

குளுவாங்கில் இருக்கும் அந்த ஒற்றை மாடி வரிசை வீடு, அப்பா தோட்ட வேலையை விட்டு டவுனுக்கு வந்தபோது வாங்கியது. அப்பா இறந்த பிறகு அம்மா மட்டும் அதில் இருந்தார். எனக்குச் சிங்கப்பூரில் வேலை. வார நாட்களில் ஜொகூர் பாருவில் ஒரு வாடகை அறை, சனிக்கிழமையானால் குளுவாங். சமையலறைக் கூரை ஒழுகியது. குளியலறைத் தரை வழுக்கியது. அம்மாவுக்கு முட்டி வலி வேறு. எல்லாம் அம்மாவுக்காகத்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

வேலை நடந்த மூன்று மாதமும் அம்மா பக்கத்து ஊரான ரெங்கத்தில் என் தம்பி வீட்டில் இருந்தார். நான் தினமும் போனில் கேள்வி கேட்டேன். சிங்க் எந்தப் பக்கம், விளக்கு மஞ்சளா வெள்ளையா, அடுப்பு எந்த உயரம். எதைக் கேட்டாலும் உன் இஷ்டம்தான். ஒருநாள் பொறுமை போய்க் கத்திவிட்டேன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

பின்கதவுப் பேச்சு வந்தது அந்த வாரத்தில்தான். சமையலறையின் பின்சுவர் முழுக்கக் கபினெட் ஓட வேண்டுமானால் கதவு இடைஞ்சல் என்றார் கண்ட்ராக்டர். அவரும் தமிழர்தான், என்னைவிடச் சின்னவர். "பின்சந்துதான்க்கா திருடன் வர்ற வழி. அடைச்சிட்டா நிம்மதி லா," என்றார். எனக்கும் சரியென்று பட்டது. கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள். மேலே சின்னதாய் ஒரு கண்ணாடி ஜன்னல்.

பால் காய்ச்சிய அன்று அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இழுப்பறைகளைத் திறந்து மூடினார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கபினெட் முன்னால் போய் நின்றவர் அங்கேயே நின்றார்.

"பின்வீட்டுத் தட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கே. அத எப்படிக் கொடுக்கிறது?"

எந்தத் தட்டு என்று எனக்கு முதலில் புரியவில்லை. பின்சந்துக்கு அந்தப் பக்கம், எங்கள் பின்கதவுக்கு நேரே, ஒரு மலாய்க்காரப் பெண்மணியின் பின்கதவு. அத்தை என்பதுபோல மக்சிக் என்று கூப்பிடுவோம். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும், இடைப்பட்ட நாட்களில் கறிவேப்பிலையும் பலகாரமும். யார் தட்டாக இருந்தாலும் வெறுமனே திரும்பக் கூடாது என்பது இருவருக்கும் எழுதாத சட்டம். அந்தக் கணக்கில் கடைசியாக எங்களிடம் தங்கியது ஒரு நீலப் பூப்போட்ட தட்டு. அம்மா அதை ரெங்கத்துக்கும் எடுத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

காரில் கூட்டிப் போகிறேன், முன்வாசல் வழியாகக் கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினார். முன்வாசலில் போவதென்றால் சேலை மாற்ற வேண்டும், சொல்லிவிட்டுப் போக வேண்டும், உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பின்கதவில் நைட்டியோடு, கையில் கரண்டியோடு நிற்கலாம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர்கள் ஒருவர் முன்வாசலை ஒருவர் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தரை வழுக்கவில்லை, கூரை ஒழுகவில்லை, அம்மா மட்டும் சமையலறையில் நிற்கவே மாட்டேன் என்கிறார். ரசம் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து, ஓடாத டிவிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபமாகக் கேட்டேன்.

"நீ ஆசையா செஞ்ச," என்றார்.

தட்டில் கேசரியை வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன். அந்தத் தெருவின் பெயரே எனக்குப் புதிது. பின்னாலிருந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய வீடு, முன்னாலிருந்து எது என்று தெரியவில்லை. எங்கள் வீடு மூலையிலிருந்து எட்டாவது, அதனால் இதுவும் எட்டாவதாக இருக்க வேண்டும். தவறான மூலையிலிருந்து எண்ணி ஒரு சீனர் வீட்டில் மணியடித்து, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன். மறுபடி எண்ணினேன்.

கதவைத் திறந்த மக்சிக்குக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே வா என்று சொல்லாமல் தட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மலாயில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் உங்க அம்மாகிட்ட ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று அம்மா அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அதை நம்பிக் காத்திருந்தவரின் கண்ணெதிரே செங்கல் ஏறியிருக்கிறது. யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று பார்த்தாராம். அன்றிலிருந்து, தான் என்ன சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறாராம்.

கபினெட்டுக்காகத்தான் மக்சிக் என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அவமானமாக இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ட்ராக்டருக்குப் போன் செய்து சுவரை உடைக்க வேண்டும் என்றேன். புதுக் கபினெட்டையா என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் வந்து அளந்து பார்த்தவர், இடது ஓரமாகக் கதவு வைத்தால் சிங்க்கைக் காப்பாற்றலாம், பாதிக் கபினெட்டும் மிஞ்சும் என்றார்.

எனக்கு மறுபடியும் குழப்பம். என்ன பதில் வரும் என்று தெரிந்தே அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பழைய இடத்துலயே வைக்கச் சொல்லு," என்றார் அம்மா. "அவங்க கதவுக்கு நேரா."