வழியெல்லாம் நின்ற கார்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, முழுப்பரீட்சை லீவில், வாடகைக்குக் கார் பிடித்துக் கன்னியாகுமரியும் திருச்செந்தூரும் போய்வந்தோம். மல்லாங்கிணற்றில் பாத்திரக் கடை வைத்திருந்த அப்பா, கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றியது அந்த ஒரு தடவைதான். திருச்சுழியில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையையும் கூட்டிக்கொண்டோம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமா வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.

போகும்போது இருந்த குதூகலம் திரும்பும்போது இல்லை. உள்ளங்காலில் கடல்மண் நறநறத்தது. பாவாடையெல்லாம் உப்பு. திருச்செந்தூரில் காரில் ஏறியபோதே, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் முதலில் திருச்சுழிக்குப் போய் அத்தையை இறக்கிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் எங்கள் ஊர். பின்சீட்டில் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தூத்துக்குடி வருவதற்கு முன்பே அத்தை காரை நிறுத்தச் சொன்னாள். உப்பளம் பார்க்க வேண்டுமாம். கண் கூசும் வெயிலில் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்தபடி ரோட்டோரம் வெகுநேரம் நின்றாள். பந்தல்குடியில் லாரிக்காரர்கள் நிற்கும் கடையில் டீ குடித்தோம். எல்லாரும் காரில் ஏறிய பிறகு, "இன்னொரு டீ குடிச்சிக்கிறட்டுமாண்ணே" என்றாள்.

அப்பா வழியில் எதற்கும் நிறுத்தவிட மாட்டார். எனக்கு ஒன்றுக்கு வந்தால்கூட "அடக்கிக்க, இந்தா ஊரு வந்துருச்சு" என்பவர். அன்றைக்கு, "குடிம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அருப்புக்கோட்டை தாண்டி, திருச்சுழி ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

"அண்ணே, அந்தக் கம்மாயப் பாத்துட்டுப் போவமா?"

டிரைவர் அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "இங்க பாக்க என்னக்கா இருக்கு? தண்ணியே இல்ல. வெறும் கருவேலந்தான்" என்றார்.

"பரவால்ல, ஓரங்கட்டுங்க" என்றார் அப்பா.

இந்தத் தடவை அப்பாவும் இறங்கி அத்தையோடு போனார். வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இரண்டு பேரும் நின்றார்கள். அப்பா ஏதோ கேட்டார். அத்தை கால் கட்டைவிரலால் ஒரு மண்கட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடியும் கேட்டார். பக்கத்தில் கருவேலங்கட்டையை எரித்துக் கரியாக்கும் மூட்டத்துப் புகை காருக்குள் வந்து எனக்கு இருமல் எடுத்தது.

"எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?" என்று அம்மாவைப் பிடுங்கினேன்.

"பேசாம இரு" என்றாள் அம்மா. அவள் கண்ணெல்லாம் கண்மாய்ப் பக்கமே இருந்தது.

திருச்சுழி போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கார்ச் சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். அப்பா இறங்கினார்.

"மத்தியானமே வாரதாச் சொன்னீகளே மச்சான்."

"வழியில அங்கங்க நின்னு வந்தோம் மாப்ள."

மாமா குனிந்து ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்தார். சிரித்த முகமாகத்தான் இருந்தார். "ஊரு சுத்துனது போதும்னு இப்பத்தான் தோணுச்சோ? எறங்கு" என்றார். குரலை உயர்த்தவேயில்லை.

அத்தையின் கை கதவுப் பிடியில் இருந்தது. கை இருந்ததே தவிர அசையவில்லை. அத்தைக்குக் கார்க்கதவு திறக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். சீக்கிரம் இறங்கினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே. "இப்பிடி இழுக்கணும்த்தை" என்று எட்டி நானே திறந்துவிட்டேன்.

அப்பா வந்து அந்தக் கதவை வெளியிலிருந்து திரும்பச் சாத்தினார்.

"தங்கச்சி எங்க கூடவே வரட்டும் மாப்ள. நாலு பெரியவுகள வச்சுப் பேசிக்கிருவோம்."

"என்ன பேசணும்? நான் என்ன பண்ணிட்டேன்?"

அப்பா முன்சீட்டில் ஏறி, "வண்டியத் திருப்புங்க" என்றார். மாமா காரோடு நாலு எட்டு நடந்து வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

வந்த ரோட்டிலேயே திரும்பிப் போனோம். யாரும் எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அத்தையின் தலை என் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். கார் குழியில் ஏறி இறங்கியபோதும் விழிக்கவில்லை. எனக்குத் தோள் மரத்துப்போனது.

"வலிக்குதும்மா. அத்தையத் தள்ளிப் படுக்கச் சொல்லு."

"ஒண்ணும் பண்ணாது. தூங்கட்டும், எழுப்பாத" என்றாள் அம்மா.

நாங்கள் எல்லாரும்தானே ஊர் சுற்றினோம், அத்தைக்கு மட்டும் அப்படி என்ன அலுப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.