மீன் வாடை என்று நினைத்தேன்

1951-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் என் மகள் ஆக்னஸுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. ஒன்பது நாள் விடவில்லை. வியர்த்து இறங்கும், மறுபடி ஏறும். பாலைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை.

நான் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். ரத்தம், சளி, மூத்திரம் எல்லாம் நுண்ணோக்கியில் பார்த்து எழுதித் தருவது என் தொழில். அதனால் பட்டியல் போட்டேன். மலேரியா: இரண்டு முறை ரத்தம் பார்த்தேன், இல்லை. பல் முளைப்பு: ஈறு நன்றாக இருந்தது. டைபாய்டு: அதுவும் இல்லை. மேலே எழுத ஒன்றும் தோன்றவில்லை. அன்று மாலை ராயபுரம் கோயிலில் மாதாவின் முன் முழங்காலிட்டேன். “தாயே, என் கண்ணுக்குத் தப்பியதைக் காட்டும்” என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா கல்மண்டபம் சந்தையில் மீன் விற்பவர். விற்றுவிட்டு வந்து, நான் வேலையிலிருக்கும் நேரம் ஆக்னஸைப் பார்த்துக்கொள்வார். மறுநாள் நான் திரும்பியபோது பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். அலசாத துணி ஒன்றை என் மூக்கருகே நீட்டினார்.

மீன் வாடைதானே என்றேன். சில நாளாகவே எனக்கு அந்த வாடை பட்டிருந்தது. அவர் கையிலிருந்து ஒட்டியது என்று நினைத்து, மனதுக்குள் முகம் சுளித்திருந்தேன்.

“மீனு வாட எனக்குத் தெரியாதாம்மா? இது கொயந்த ஒண்ணுக்கு. போவசொல்லல்லாம் கைய இறுக்கிக்கினு அழுவுது. ஊரான் மூத்திரத்தயெல்லாம் கண்ணாடில பாக்குறியே, உன் பொண்ணுத பாத்தியா?”

பார்க்கவில்லை. என் பட்டியலில் அந்த வரியே இல்லை.

விடிந்ததும், கொதிக்கவைத்த கண்ணாடிக் குவளையோடு முற்றத்தில் உட்கார்ந்தோம். அக்கா ஆக்னஸை மடியில் பிடித்துக்கொண்டு, சொம்பிலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றி ஓசை காட்டினார். பிள்ளை சிணுங்கியபடி மூத்திரம் பெய்தாள். பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ட இடமெல்லாம் சீழ் அணுக்கள். மூத்திரப்பையில் நோய்.

டாக்டர் சல்பா மாத்திரை தந்தார். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். மணிக்கொரு தரம் தண்ணீர். நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது. அன்று அவள் அழாமல் ஒண்ணுக்குப் போனாள். நனைந்த தரையைக் கையால் தட்டிச் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

அக்காவிடம் என் நினைப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அதுக்கின்னா இப்போ? பால காய்ச்சு, கொயந்த கேக்குது” என்றார்.

ஆக்னஸுக்கு இப்போது நான்கு வயது. காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளின் தாய்மாரிடம், ஒண்ணுக்குப் போகும்போது அழுகிறதா என்று நானே கேட்கிறேன். மாதாவுக்கு நான் செலுத்தும் நன்றி அது.

பிள்ளையை நினைத்துக் கலங்கி நிற்கும் சகோதரிகளே, தயங்காமல் மாதாவிடம் கேளுங்கள். எழுந்து வீட்டுக்குப் போனதும், பக்கத்திலிருப்பவர் சொல்வதற்கும் காது கொடுங்கள். கன்னியம்மா அக்கா நம் கோயிலுக்கு வருபவர் அல்ல. என் செபத்துக்குப் பதில் அவர் வாயிலிருந்துதான் வந்தது.