பெட்டிக்கு அடியில்

என் அண்ணி பாத்ரூமில் குளிக்கிற நேரத்தைவிட, தண்ணீர் போகிற ஓட்டையருகே குனிந்து கேட்கிற நேரம்தான் அதிகம். உள்ளே நீர்க்கோழி கத்துகிறதாம். அண்ணன் பிளம்பரைக் கூட்டிவந்தான். "குழாய்ல காத்து அடைச்சிருக்குங்க" என்று எதையோ குடைந்துவிட்டுப் போனார். அண்ணிக்குச் சத்தம் நிற்கவில்லை.

"முட்டை போடுதா அண்ணி? ஆம்லெட்டுக்கு ஆகுமா?" என்று நான் சீண்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அழுதுவிட்டாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணிக்குக் காடு, நீர்நிலைகளைக் காக்கிற ஓர் அலுவலகத்தில் வரைபடம் தயாரிக்கிற வேலை. எந்த நிறம் காடு, எந்த நிறம் தண்ணீர் என்று விளக்குகிற பெட்டி ஒன்று வரைபடத்தில் இருக்குமே, அதை வலது கீழ் மூலையில் வைப்பது அங்கே வழக்கம். கல்யாணத்துக்கு முன்பு அவள் செய்த முதல் வரைபடத்தில், அந்த மூலையில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. நாணல் முழுக்க நீர்க்கோழிக் கூடுகள். மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறாள்.

"மூலையில கெடக்குற சேறும்மா அது. பெட்டிய வேற எங்க வைக்கிறது, என் தலையிலயா?"

பெட்டி சதுப்பின்மேல் உட்கார்ந்தது. பாதுகாக்க வேண்டிய இடங்களுக்கு எல்லை போட வந்த குழு, அந்தத் தாளை மேசையில் விரித்துப் பச்சைக்கோடு இழுத்தது. கோடு பெட்டிவரை வந்து வளைந்து போய்விட்டது. வெளியே விடுபட்ட சதுப்பில் லாரி லாரியாக மண் கொட்டி அடுக்குமாடி கட்டினார்கள்.

அதில் ஒரு வீட்டை வாங்கி, ஆச்சரியப்படுத்துகிறேன் பேர்வழி என்று அவள் கையில் சாவியை வைத்தான் என் அண்ணன். பாவி, அவனுக்கென்ன தெரியும்! அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த வருடம் அதே வரைபடத்தைப் புதுப்பித்தார்கள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நாணல் மிச்சமிருக்கிறது. தப்பிய நீர்க்கோழிகள் அங்கேதான் ஒண்டிக்கிடக்கின்றன. பெட்டி அதன்மேல் விழுந்தால் அதுவும் அதோகதிதான். மூலையை மாற்றவே முடியாது என்றார் அதே அதிகாரி. அண்ணியும் மாற்றவில்லை. எழுத்தைச் சுருக்கினாள், கட்டங்களைச் சுருக்கினாள், பெட்டியைத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து, அதே மூலைக்குள்ளேயே நாணலைவிட்டு நகர்த்தி வைத்தாள்.

எல்லை போட்டு முடிந்த தாளைச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாணலைச் சுற்றிப் பச்சைக்கோடு ஓடியது. எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினான்.

"நம்ம வீடு எங்கம்மா?"

"பெட்டிக்கு அடியில."

முதலில் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது. "நாளைக்கு எவனாச்சும் இந்த மேப்ப விரிச்சு, இங்க ஒண்ணுமே இல்லன்னு ரோடு போட வந்தா?"

"வந்தா கத்துவோம்ங்க."

"கத்துனா? யார் காதுல விழும்?"

அண்ணி பாத்ரூம் பக்கம் பார்த்தாள். "அதுங்களும் கத்துச்சுங்க."

உள்ளே ஓட்டையிலிருந்து சத்தம் வந்தது. ஆம்லெட் கேட்ட எனக்கும் கேட்டது. அண்ணன் எழுந்துபோய்க் கதவை இறுக்கிச் சாத்தினான்.