நாலு ஈடு பாம்புக்கடி மருந்து

மருந்தைக் காயவைப்பதுதான் என் உத்தியோகம் என்று கோயமுத்தூரில் யாரிடம் சொன்னாலும், "வெயில்லயாங்க, நெழல்லயாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் அவசரக்காரர்களால் வேலை கெட்டு நொந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் கதை கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செட் செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு மருந்துக் கம்பெனி ஆசையும் வந்தது. பாம்புக்கடிக்கான சீரம் குளிரில் இல்லாவிட்டால் கெட்டுவிடும். காரமடை டாக்டரிடம் ஐஸ் பெட்டி கிடையாது. கடிபட்டவர்களைக் கோயமுத்தூருக்கு அனுப்புவார். பலர் வழியிலேயே போய்விடுவார்கள். சீரத்தைப் பொடியாக்கிவிட்டால் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு அதைக் கல்லாக உறையவைத்து, இரும்புப் பெட்டியில் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை மூன்று நாள் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுகளுக்கு இலேசாகச் சூடும் கொடுத்தால் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிவிடும். நடுவில் உருகினால் பாகுதான் மிஞ்சும். பெட்டியை ஒரு தடவை நிரப்புவது ஒரு ஈடு; எங்களிடம் இருந்தது நாலு ஈட்டுக்கான சீரம். நாலும் கெட்டால் பெட்டியைப் பவுண்டரியில் போட்டு உருக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தண்ணீர் வராத பம்பு

மேஸ்திரி பழனிசாமிக்குத் தெரியாத பம்பு கிடையாது. காற்றை உறிஞ்சும் பம்பை மட்டும் அவர் அதுவரை பார்த்ததில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டாம் நாள் காலை நான் போனபோது பம்பைக் கழற்றிச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் காற்றுப் புகுந்து முதல் ஈடு முழுவதும் பாகாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர்தான் என்னைத் தேற்றினார்: "நேத்திருந்து வெறுங்காத்தத்தானுங்க இழுக்குது, ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்க. தண்ணி ஊத்தி அடைச்ச காத்த எடுத்துப்போட்டேன், இனி நல்லா இழுக்குமுங்க."

சம்பந்தி மரியாதை

இரண்டாவது ஈட்டின்போது பம்பின் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டினேன். கதவுக்குக் கட்டவில்லை. நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து முதலாளியின் சம்பந்தி வந்தார். முதலாளியே வால்வைத் திருகிக் காற்றை உள்ளே விட்டு, கதவைத் திறந்து, ஒவ்வொரு தட்டாக இழுத்துக் காட்டியிருக்கிறார். மேஸ்திரியைத் திட்டலாம், முதலாளியை என்ன செய்வது? உருகி வழிந்த தட்டுகளை அவர் எதிரிலேயே துடைத்தேன். முதலாளிக்கே என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, போத்தனூர்லிருந்து வந்த மனுசனுக்குப் பூட்டுன கதவைக் காட்டியா அனுப்பறது?"

என் பங்கு

மூன்றாவது ஈட்டுக்குக் கதவையும் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் காரமடை டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. கடலைக்காய் பிடுங்கப் போன பெண் ஒருத்தி பஸ்ஸிலேயே இறந்துவிட்டாளாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் எட்டு மணி நேர வேலை பாக்கி. தட்டுகளின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். கொஞ்சம்தான்.

பாகு. எட்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்து என்ன கிழித்திருப்பேன்? பொடியைச் சர்க்கார் சோதித்துச் சரியென்று சொல்லவே மாதக் கணக்கில் ஆகும். பழனிசாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டு தடவை எங்களைய மனசுக்குள்ள வஞ்சீங்க. இப்ப யாரை வையறதுங்க?"

மடியில் முடிந்த சாவி

கடைசி ஈட்டுக்கு யோசனை சொன்னவரே பழனிசாமிதான். கதவில் கெட்டியான கண்ணாடி வட்டம் ஒன்று பதித்தார்; எந்தச் சம்பந்தி வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். சூட்டைக் கூட்டும் திருகுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன் வேட்டி மடியில் முடிந்துகொண்டார். மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு இரண்டு தடவை கேட்டேன். தரவில்லை. குப்பி குப்பியாக வெள்ளைப் பொடி வந்தது. சோதனையிலும் தேறியது.

முதல் குப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க இருவருமாகக் காரமடை போனோம். நாங்கள் இருக்கும்போதே கடிபட்ட விவசாயி ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். டாக்டர் சுத்தமான தண்ணீரைக் குப்பியில் விட்டுக் கரைத்து ஊசி போட்டார். சாயங்காலம் அந்த மனுஷர் கண் திறந்து காப்பி கேட்டார். நான் காலிக் குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழனிசாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூணு நாளாத் தண்ணிய எடுத்தீங்க, இப்ப டாக்டரு அதுலயே தண்ணி ஊத்தறாருங்க. நான் அன்னைக்கே ஊத்துனனுங்களே."

பாம்புக்கடிக்கு மருந்து கிடைத்துவிட்டது. என் அவசரத்துக்கு மருந்தான அந்தச் சாவி மட்டும் இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது.