படுத்துக் கிடந்த மரம்

அந்த மரத்தைச் சுற்றி ஒரு கம்பி வலை இருந்தது. மரம் என்று சொன்னால் பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாமல் பாறை மேல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். தில்லியில் ரிட்ஜ் காட்டை ஒட்டிய அந்த மரத்தோட்டத்தில் தொண்ணூறுகளில் நான் டைப்பிஸ்ட். பொறுப்பாளர் மேடம், திருநெல்வேலிக்காரர்.

ஒவ்வொரு மரத்தின் கதையையும் தகரப் பலகையில் எழுதி வைப்பது மேடத்தின் வழக்கம். சீமைக்கருவேலத்துக்கும் பலகை உண்டு. தெற்கிலிருந்து போன மேடத்தையும் என்னையும் போல அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். நாங்கள் கரோல் பாகில் ஆளுக்கொரு வாடகை வீட்டோடு நின்றோம். அது காட்டையே வளைத்துப் போட்டுக்கொண்டது. வலைக்குள் கிடந்தது தௌ என்கிற அந்த ஊர்க் காட்டு மரம். ஆடு மாடு மேய்ந்தால் தரையோடு படுத்துவிடும். எத்தனை வருடமானாலும் அப்படியே கிடக்கும். மேய்ச்சல் நின்றால் எழுந்து மரமாகும். ரிடையர் ஆவதற்குள் அது எழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. வலை போட்ட சில வருடங்களில் நடுவிலிருந்து ஒரு கிளை நிமிர்ந்து அவர் இடுப்பளவு வந்தது. காலையில் கையெழுத்துப் போடும் முன் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அவருடைய கடைசி மாதத்தில் மந்திரி வரப்போவதாகத் தகவல் வந்தது. மந்திரி வந்தால் தில்லியில் ஒரு சடங்கு உண்டு: மரங்களின் அடியில் காவியும் சுண்ணாம்பும் அடித்து, செடிகளையெல்லாம் சமமாக வெட்டிவிடுவார்கள். மேடம் மீட்டிங்குக்குப் போயிருந்த மதியம், தோட்டக்காரர் வலை அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி, தௌவையும் ஒரே மட்டமாகக் கத்தரித்துவிட்டார். மேடம்ஜி சந்தோஷப்படுவார் என்றே நினைத்தார், பாவம். கடைசியில் மந்திரி வரவில்லை.

எனக்குத்தான் ஆத்திரம். மேடத்தின் முகத்தில் ஒன்றுமே இல்லை. "விடு, தோட்டக்காரர் மேல தப்பில்ல. ஆடு மேஞ்சா என்ன, கத்திரி மேஞ்சா என்ன, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். படுத்துக்கும். செத்துறாது," என்றார். வலையைத் திரும்பக் கட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் விடைபெற்ற நாளிலும் அது படுத்தேதான் கிடந்தது. நானும் பிறகு வேறு ஆபீசுக்கு மாறிவிட்டேன்.

போன வாரம் அவர் இறந்த செய்தி போனில் வந்தது. அச்சா, என்று சொல்லிப் போனை வைத்தேன். ஃபைலை மூடினேன், மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

நேற்று லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வலை துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டி, என்னையும் தாண்டி, கிளைகளைத் தொங்கவிட்டபடி தௌ நின்றது. அடியில் நிழல் விழுந்திருந்தது. மேடம் பார்க்காத நிழல். அதில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை.